சுவரைப் பார்த்த நாற்காலி

என் மனைவியை லாட்ஜில் எல்லாரும் பம்பரம் என்பார்கள். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் பம்பரம். அவளுக்கும் அது தெரியும். கோபப்படுவதற்கு ஒரு இடத்தில் நின்றால்தானே? வரவேற்பு மேசைக்குப் பின்னால் அவளுக்கென்று ஒரு சுழல் நாற்காலி போட்டிருக்கிறார்கள். அதில் அவளுடைய கைப்பைதான் உட்கார்ந்திருக்கும். அவள் சாவிப் பலகைக்கும் வாசலுக்கும், வாசலுக்கும் மாடிப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பாள். ரசீது எழுதுவதுகூட நின்றபடிதான்.

நான் அதே லாட்ஜின் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து சாவி வெட்டுகிறேன். நிமிர்ந்தால் தலை இடிக்கும். அதனால் குனிந்த தலை நிமிராத மனுஷன் என்று எனக்கு நல்ல பெயர். பெண்டாட்டி உட்காருவதில்லை, புருஷன் எழுந்திருப்பதில்லை, இந்த ஜோடி எப்படித்தான் பொருந்தியதோ என்று மேனேஜருக்கு இன்றுவரை ஆச்சரியம். எனக்கும்தான்.

இந்த ஊரில் பார்ப்பதற்கு ஒன்றும் கிடையாது. ஒரு மணிக்கூண்டு இருக்கிறது, அதுவும் ஓடாது. வெளியூர்க்காரர்கள் இங்கே சாப்பிடத்தான் வருகிறார்கள். ரயிலை விட்டு இறங்கும்போதே வயிற்றைத் தடவிக்கொண்டு இறங்குவார்கள். அறைச் சாவி கைக்கு வந்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இங்க நல்ல ஓட்டல் எது?" அந்தக் கேள்வியைக் கேட்டாலே இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"யாருக்கு நல்ல ஓட்டல்?" என்று திருப்பிக் கேட்பாள். "கடைசியா எப்ப சாப்பிட்டீங்க? ரயில்ல தூங்கினீங்களா? ரெண்டு பேரும் ஏன் பேசிக்க மாட்டேங்கறீங்க?"

வந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். சாப்பிட வழி கேட்டால் குடும்ப விவகாரத்தைக் கேட்கிறாளே என்று சிலருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் அவள் கணக்கு வேறு. சண்டை போட்டுக்கொண்டு வந்த ஜோடியை, உட்கார்ந்ததும் தட்டு வந்துவிடும் கடைக்கு அனுப்புவாள். காத்திருக்க வைத்தால் சண்டை முற்றிவிடுமாம். தனியாக வந்த பெண்ணை, கல்லாவில் ஒரு அம்மா உட்கார்ந்திருக்கும் கடைக்கு. பிள்ளைகுட்டியோடு வந்தவர்களை, ஏற்கெனவே கூச்சலாக இருக்கும் கடைக்கு. அங்கே ஒரு பிள்ளை டம்ளரைத் தட்டிவிட்டாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை என்றால் ரயிலடிப் பக்கம் ஒரு கடையைச் சொல்லவே மாட்டாள். அன்றைக்கு அங்கே முதலாளியின் மருமகன் சமைக்கிறான்.

போனில் படத்தைக் காட்டி, "வரிசையில நிக்கிறாங்களே, இந்த இடம் எப்படி?" என்று கேட்பவர்களுக்கும் அவளிடம் பதில் உண்டு. "தாராளமா போங்க. வரிசையில நில்லுங்க, போட்டோ எடுங்க. திரும்பி வாங்க, சாப்பிடறதுக்கு வேற இடம் சொல்றேன்."

இதெல்லாம் அவளுக்குச் சும்மா வரவில்லை. காலையில் வீட்டிலிருந்து லாட்ஜுக்கு நேர்வழியில் வந்ததே கிடையாது. தினம் ஒரு சந்து. ஓட்டல்களின் முன்பக்கத்தை அவள் பார்க்கவே மாட்டாள். பின்கதவு எப்படித் திறந்திருக்கிறது, பாத்திரம் தேய்க்கிற பெண் என்ன முகத்தோடு இருக்கிறாள், குப்பைத்தொட்டியில் என்ன கிடக்கிறது, இதுதான் பார்ப்பாள். நான் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு, முட்டிவலியை நொந்துகொண்டு பின்னாலேயே ஓடுவேன். கூட்டமான நேரமாகப் பார்த்துத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு போய் மூலையில் சாப்பிட்டுவிட்டு வருவாள். கடைக்காரர்கள் பலருக்கு அவளைப் பற்றித் தெரியும், முகம் தெரியாது. அவளுக்கு ஒரே ஒரு சட்டம்தான். ரெண்டாவது தடவை போக வேண்டும் என்று தனக்கே தோன்றாத இடத்துக்கு ஒரு ஆளையும் அனுப்பமாட்டாள். அடுத்தவர் சொல்லிக் கேட்டும் அனுப்பமாட்டாள். "அடுத்தவன் நாக்கை நம்பி நான் வாக்கு குடுக்க முடியுமா?" என்பாள்.

இவ்வளவு பீடிகை எதற்கென்றால், என் மச்சான், அதாவது அவளுடைய கூடப்பிறந்த தம்பி, லாட்ஜுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தான். அந்தக் கடைக்கு அவள் ஒரு ஆளைக்கூட அனுப்பியதில்லை.

மச்சான் வேலை தெரியாதவன் இல்லை. பெரிய ஓட்டல்களின் சமையலறைகளில் வருஷக்கணக்கில் வெந்தவன். அங்கெல்லாம் அடுப்பு சுவரைப் பார்த்திருக்கும். சாப்பிடுகிறவன் யார், எப்படிச் சாப்பிடுகிறான் என்று சமைக்கிறவனுக்குத் தெரியவே தெரியாது. தன் கடையில் அப்படி இருக்கக்கூடாது என்று அடுப்பை மேசைகளைப் பார்த்துப் போட்டான். அக்கா லாட்ஜில் இருக்கிறாள், வெளியூர்க்காரர்கள் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், இனி என்ன கவலை என்று அவன் நினைத்ததில் ஒரு தப்பும் இல்லை.

கடை திறந்த அன்றைக்கு எங்கள் இருவரையும் நடு மேசையில் உட்கார வைத்தான். தட்டுக்கு மேல் தட்டாக வந்தது. இவள் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் எடுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தாள். அடுத்ததில் ஒரு வாய், மறுபடி தண்ணீர். பிடிக்கவில்லை என்றால் சமைத்தவர் எதிரே அவள் வாயைத் திறந்து சொல்லமாட்டாள், தண்ணீர்தான் குடிப்பாள். அம்மா அப்பா இருவரும் வேலைக்குப் போன வீட்டில் தம்பியை வளர்த்தது அவள்தான். சின்னப் பையனாக அவன் முதன்முதலில் வைத்த சூப்பைச் சாப்பிட்டுவிட்டும் அவள் தண்ணீர்தான் குடித்தாளாம். இதை மச்சானே என்னிடம் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறான். அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை. அடுப்புக்குப் பின்னாலிருந்து அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வரும் வழியில் சொன்னாள். "உப்பு தூக்கல். எண்ணெய் மிதக்குது. ஒண்ணு மேல ஒண்ணா எல்லாத்தையும் கொட்டி வெச்சிருக்கான். கூடப் பொறந்தவளுக்கே இப்படி வெச்சா, ஊருக்கு எப்படி வெப்பான்?"

எனக்கு நாக்கு பேசுவதற்குத்தான் பயன்படும். அவள் சொன்ன பிறகு, ஆமாம், கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது என்று எனக்கும் தோன்றியது. அதற்குப் பிறகும் இரண்டொரு தடவை போனாள். துண்டைச் சுற்றிக்கொண்டு தம்பி கடைக்குள் நுழைய முடியுமா? நுழைந்ததும், "அக்கா வந்துட்டா!" என்று அவனே நடு மேசையைத் துடைத்துவிடுவான். அதே கனம், அதே உப்பு, அதே தண்ணீர். அதோடு அவள் நிறுத்திக்கொண்டாள்.

அந்தச் சந்தில் மூட்டை தூக்குகிறவர்கள், பஸ் டிப்போ ஆட்கள் என்று கொஞ்சம் பேர் மச்சான் கடையில் தினமும் சாப்பிட்டார்கள். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்கள். நான் இவளிடம் சொன்னேன். "பசியோட வர்றவங்களுக்கு எதைப் போட்டாலும் நல்லாத்தான் இருக்கும்" என்று வாயை அடைத்துவிட்டாள். கடைசியில் மச்சான் ஒரு நாள் நேராகவே கேட்டான்.

"எல்லாரையும் எங்கெங்கயோ அனுப்பற. என் கடைக்கு ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் அனுப்பக்கூடாதா அக்கா?"

"ஒனக்காக அனுப்பலாம்டா. சாப்பிடறவங்களுக்காக அனுப்ப முடியல" என்றாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. எனக்கு இவள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பொய் சொல்லச் சொல்லவில்லை, ஒரு கண்ணை மூடிக்கொள் என்கிறேன், அதுகூட முடியாதா? முடியவில்லை. அவளுக்கும் அது சுகமாக இல்லை. காலையில் எல்லாச் சந்துகளிலும் புகுந்து வருகிறவள், அந்த ஒரு சந்தை மட்டும் சுற்றிக்கொண்டு வந்தாள்.

இப்படியே வருஷம் ஓடியது. போன மழைக்காலத்தில் ஒரு நாள் மத்தியானம் மச்சான் மனைவி என் பொந்துக்கு முன்னால் வந்து நின்றாள். கையில் கடைச் சாவி.

"அண்ணா, இதுல இன்னொண்ணு வெட்டிக் குடுங்க. நாளைக்குப் புது ஆள் வர்றாரு. செருப்புக் கடை போடப் போறாராம்."

"என்னம்மா சொல்ற?"

"கடையை விட்டாச்சு அண்ணா. அவருக்கு வெளியூர்ல ஒரு ஃபேக்டரி கேன்டீன்ல வேலை கிடைச்சிருக்கு. அவர் மட்டும் போறாரு. நானும் பிள்ளைங்களும் இங்கதான்."

நான் பதில் சொல்வதற்குள் பம்பரம் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டது. அவளைப் பார்த்ததும் மச்சான் மனைவிக்குக் குரல் உடைந்தது.

"அண்ணி, நீங்க கெட்டதா ஒரு வார்த்தை சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்ல. இவங்களுக்குள்ள ஏதோ சண்டைன்னு விட்டிருப்பாங்க. நீங்க ஒண்ணுமே சொல்லாம இருந்தீங்க பாருங்க. கூடப் பொறந்த அக்காவே ஆள் அனுப்பறதில்லைன்னு தெருவே பேசுது. அந்தப் பேச்சைத் தாண்டி உள்ள யாரு வருவாங்க?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். இவள் என் மேசையில் கிடந்த சாவியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நடக்க ஆரம்பித்தாள். வாசல், சாவிப் பலகை, படிக்கட்டு, மறுபடி வாசல்.

"நான் என்னங்க செய்யட்டும்? அவன் கடை போகுதேன்னு அடுத்தவங்க வயித்தைக் கெடுக்கச் சொல்றீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லல. உன் நாக்கை ஒரே ஒரு நாளைக்குக் கழட்டி டிராயர்ல வெச்சுப் பூட்டேன். சாவி வேணும்னா நானே வெட்டித் தர்றேன்" என்றேன். வாய்க்கொழுப்புதான். அவள் மறுபடி வாசலுக்கு நடந்தாள்.

மழை பிடித்துக்கொண்டது. ஊற்று ஊற்றென்று ஊற்றி, பெரிய ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர். பஸ் நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு பெண் தன் அப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். காலையில் வந்து அறை எடுத்தவர்கள். மறுநாள் இங்கே ஒரு டாக்டரைப் பார்க்க வேண்டுமாம். பெரியவருக்கு முகமெல்லாம் கடுகடுப்பு.

"வீட்டை விட்டுக் கிளம்பினதுல இருந்து அப்பா ஒண்ணும் சாப்பிடல. ரயில்ல வாங்கினதைத் தள்ளிட்டாரு. காலையில போன இடத்துலயும் அப்படியே வெச்சுட்டாரு. பக்கத்துல ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள் மகள்.

"எதை வாயில வெச்சாலும் மண்ணு மாதிரி இருக்கு. விடும்மா, எனக்கு வேணாம்" என்றார் பெரியவர்.

இவள் வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். இந்த மாதிரி ஆளுக்கு அவளிடம் இரண்டு கடை உண்டு, இரண்டும் ரோட்டுக்கு அந்தப் பக்கம். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து பின்வாசலைப் பார்த்தாள். பின்பக்கச் சந்து கொஞ்சம் மேடு, தண்ணீர் நிற்காது. அங்கே இருப்பது ஒரே ஒரு கடை. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள் என்று தெரியும்.

"பின்வாசல் வழியாப் போங்க" என்றாள் கடைசியில். குரல் அவளுடையது போலவே இல்லை. "இடது பக்கம் பச்சைக் கதவு. மீன் சூப்பும் சோறும் கேளுங்க. யார் அனுப்பினாங்கன்னு மட்டும் சொல்லாதீங்க."

லாட்ஜ் குடையைக் கொடுத்து அனுப்பினாள். ஏன் சொல்லக்கூடாது என்று நான் கேட்டேன். "இன்னைக்குப் போய் ஆள் அனுப்பினா, கடை போகுதேன்னு பிச்சை போடறேன்னு நினைப்பான்" என்றாள்.

அதற்குப் பிறகு அவளை வைத்துக்கொண்டு ஒரு வேலையும் ஓடவில்லை. பின்வாசலுக்குப் போய்க் கழுத்தை நீட்டிப் பார்ப்பாள். திரும்பி வந்து சாவிப் பலகையில் இருக்கும் சாவிகளை இடம் மாற்றி மாட்டுவாள். மறுபடி பின்வாசல்.

"நீங்க போய்ப் பாத்துட்டு வாங்களேன். அவர் சாப்பிடறாரான்னு மட்டும்."

"நான் போனா மச்சானுக்குத் தெரிஞ்சுடும்."

"ஜன்னல் வழியாப் பாருங்க."

"ஏன், நீ போய்ப் பாரேன்."

"என்னால முடியாது." கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மனுஷன் அங்கயும் சாப்பிடாம தட்டைத் தள்ளினா, நான்தானே அதுக்குப் பொறுப்பு? இந்த மழையில, வயசான மனுஷனை..." என்று சொல்லிக்கொண்டே என் மேசை ஓரத்தில் முட்டிக்கொண்டாள். மெஷினில் மச்சானின் சாவி ஓடிக்கொண்டிருந்தது. என் கை வழுக்கி, வெட்டுப்பல் சர்ரென்று சாவியின் முனை வரை இழுத்துவிட்டது. புதுச் சாவி மொண்ணையாகிவிட்டது. இத்தனை வருஷத் தொழிலில் அப்படி ஆனதில்லை. அதைத் தூக்கி டப்பாவில் போட்டேன். இன்னொன்றை எடுத்து மாட்ட எனக்குக் கை வரவில்லை.

அவர்கள் வரக் காணோம். தட்டைத் தள்ளியிருந்தால் எப்போதோ திரும்பி வந்திருக்கவேண்டுமே என்று நான் சொன்னேன். "விழுந்துட்டாரோ?" என்றாள் இவள். அவள் புத்தி அப்படிப் போயிற்று.

மழை குறைந்த பிறகு வந்து சேர்ந்தார்கள். மகள் குடையைப் பிடித்திருந்தாள். பெரியவர் மார்போடு அணைத்து ஒரு பொட்டலத்தைப் பிடித்திருந்தார். மகள் கேட்டும் கொடுக்கவில்லை.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள் இவள்.

"நல்லா இருந்துச்சுன்னெல்லாம் சொல்ல மாட்டேன்" என்றார் பெரியவர் அதே கடுகடுப்போடு. "ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினேன். ராத்திரிக்கும் கட்டிக்கிட்டேன். அவ்வளவுதான்."

மகளுக்குக் கண் கலங்கியிருந்தது. கைப்பையிலிருந்து இன்னொரு பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இது உங்களுக்கு. வந்ததுல இருந்து பாக்கறேன், நீங்க நின்னுக்கிட்டே இருக்கீங்க, எங்க சாப்பிட்டிருக்கப் போறீங்கன்னு அப்பாதான் கட்டச் சொன்னாரு."

அவர்கள் மாடி ஏறும்வரை இவள் அந்தப் பொட்டலத்தைத் தொடவில்லை. பிறகு பிரித்தாள். டப்பா இன்னும் சூடாக இருந்தது. மேசை டிராயரிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்து, நின்றபடியே ஒரு வாய் வைத்தாள். இன்னொரு வாய். அப்புறம் மெதுவாகச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பை அடியில் நசுங்கியது. அதை எடுத்து வைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. நான் பயந்துபோய் எழுந்தேன், தலையில் இடித்துக்கொண்டேன்.

"ஏங்க, இங்க வாங்க. இதைச் சாப்பிட்டுப் பாருங்க."

சாப்பிட்டேன். என் நாக்குக்கே தெரிந்தது. உப்பு உப்பின் இடத்தில் இருந்தது. மீனுக்கு மீனின் ருசி இருந்தது. தொண்டையில் இறங்கியதே தெரியவில்லை, உடனே இன்னொரு வாய் கேட்டது.

"இது அவன் வெச்சதா?"

"அவன் கடையில வேற யாரு இருக்கா?"

"அப்ப எனக்கு வெச்சது?" என்றாள். "எனக்கு ஏன் இப்படி வெக்கல?"

கடை திறந்த அன்றைக்குப் பார்த்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அதற்கு அர்த்தம் தெரியவில்லை. "அவன் உன் மூஞ்சியைப் பாத்துப் பாத்துத்தான் சமைச்சான். ஒரு தடவை பாப்பான், கொஞ்சம் உப்புப் போடுவான். மறுபடி பாப்பான், எண்ணெயை ஊத்துவான். நீ தண்ணி டம்ளரைத் தொட்டா, அடுத்த தட்டுல இன்னும் ஒரு கரண்டி கூடும்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "என்னைக் கண்டா அவனுக்கு அவ்வளவு பயமாங்க?"

அவள் அழுதாள். சத்தம் இல்லை, துடைத்துக்கொள்ளவும் இல்லை. ஊர் பேர் தெரியாத மனுஷனுக்கு நிம்மதியாகச் சமைத்துப் போடுகிறவன், வளர்த்த அக்காவுக்கு மட்டும் நடுங்கி நடுங்கிச் சமைத்திருக்கிறான். அந்த நடுக்கத்தைத்தான் அவள் ருசி பார்த்திருக்கிறாள், அதைத்தான் அவன் கைப்பக்குவம் என்று முடிவுகட்டியிருக்கிறாள். எனக்கு அவள்மேல் இருந்த ஆத்திரமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. பாவமாக இருந்தது, இரண்டு பேரையும் நினைத்து.

திடீரென்று எழுந்தாள். மேனேஜரைக் கூப்பிட்டு, "கொஞ்சம் மேசையைப் பாத்துக்கங்க" என்றாள். அவர் அப்படி ஒரு வார்த்தையை அவளிடம் கேட்டதே இல்லை, வாய் பிளந்து நின்றார். குடைகூட எடுக்கவில்லை. பின்வாசல் வழியாக அவள் ஓட, நான் பின்னால் ஓடினேன்.

பச்சைக் கதவுக்குள் மச்சான் நாற்காலிகளைத் தூக்கி மேசைகள்மேல் கவிழ்த்துக்கொண்டிருந்தான். நனைந்துபோய் நிற்கும் அக்காவைப் பார்த்ததும் கையில் இருந்த நாற்காலி அப்படியே நின்றது.

"அக்கா, நீயா? உக்காரு. ஒரு நிமிஷம், ஒனக்குன்னு புதுசா..."

"எனக்குன்னு ஒண்ணும் வேணாம். மீன் சூப் இருக்கா?"

"தீந்துபோச்சே. ஒரு பெரியவர் வந்தாரு, மிச்சத்தையும் கட்டிக்கிட்டுப் போயிட்டாரு. அஞ்சு நிமிஷம் இரு, இப்ப வெச்சுடறேன்."

அடுப்பைப் பற்ற வைத்தான். சட்டியில் தண்ணீர் ஊற்றினான். உப்பைப் போட்டான். போட்டுவிட்டு அக்கா முகத்தைப் பார்த்தான். கை மறுபடி உப்பு டப்பாவுக்குப் போயிற்று. அவளும் அதைப் பார்த்துவிட்டாள்.

மேசைமேல் கவிழ்ந்திருந்த ஒரு நாற்காலியை இறக்கினாள். அதை இழுத்துக்கொண்டு கடைசி மேசைக்குப் போய், அடுப்புக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் பாக்கல. நீ ஒன் வேலையைப் பாரு."

மச்சான் என்னைப் பார்த்தான். நான் மழையைப் பார்த்தேன். பிறகு உப்பு டப்பாவை மூடும் சத்தம் கேட்டது. கத்தி பலகையில் ஓட ஆரம்பித்தது. முதலில் தயங்கித் தயங்கி, அப்புறம் சீராக. இவள் திரும்பவே இல்லை. சுவரில் பழைய ஆணி ஒன்று இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேசைக்கு அடியில் அவள் கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு இடத்தில் இவ்வளவு நேரம் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

கிண்ணத்தையும் தண்ணீர் டம்ளரையும் கொண்டுவந்து வைத்துவிட்டு மச்சான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றான். முகம் தெரியாமல் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. துண்டைத் தோளில் போடுவதும் எடுப்பதுமாக இருந்தான். ஸ்பூன் கிண்ணத்தில் படுகிற சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் அவள் திரும்பாமலே காலிக் கிண்ணத்தைப் பின்பக்கமாக நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம்."

அவன் கிண்ணத்தை வாங்கவில்லை. மேசையில் இருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வைத்தது வைத்தபடி விளிம்பு வரை தண்ணீர் இருந்தது.

"அக்கா, தண்ணி குடிக்கலையே?"

"எதுக்கு?" என்றாள்.

அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். குலுங்கிக் குலுங்கி அழுதான். இவள் அப்போதும் திரும்பவில்லை, திரும்பினால் அடுத்த கிண்ணம் கெட்டுவிடும் என்று பயந்திருப்பாள். கையை மட்டும் பின்னால் நீட்டி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெரியவரை யார் அனுப்பினார்கள் என்று அவனுக்கு அப்போதுதான் சொன்னாள்.

"மாமா, அந்தச் சாவி?" என்று என்னிடம் கேட்டான், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"கெட்டுப்போச்சு மாப்ள. இனிமே வெட்டறதா இல்ல."

"நாளைக்குப் புது ஆள் வருவாரே, அவர்கிட்ட என்ன சொல்றது?"

"நான் சொல்லிக்கிறேன். செருப்புக் கடைக்கு ரயிலடிப் பக்கம் நல்ல இடம் ஒண்ணு இருக்கு, அனுப்பி வெக்கறேன்" என்றாள் பம்பரம் சுவரைப் பார்த்து.

அந்தக் கடையில் இப்போது உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். மேசைகள் நிரம்பி, ஆட்கள் சந்தில் நிற்பார்கள். அப்போதும் கடைசி மேசையில் ஒரு நாற்காலி சுவரைப் பார்த்துக் காலியாகக் கிடக்கும். மச்சான் அதில் யாரையும் விடமாட்டான். அவள் அங்கே போகும் நாட்களில் ஆணியைப் பார்த்தபடி சாப்பிட்டுவிட்டு வருவாள். தம்பிக்குப் பயம் தெளிந்திருக்கும், ஒரு நாள் திரும்பித்தான் உட்காரேன் என்று நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். கேட்கமாட்டேன் என்கிறாள்.

நேற்றுகூட ஒரு குடும்பம் வந்தது. கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று வழக்கம்போல விசாரித்துவிட்டு, பின்வாசலைக் காட்டினாள். "இடது பக்கம் பச்சைக் கதவு. என் தம்பி கடைதான், நான் அனுப்பினேன்னு சொல்லாதீங்க. எங்க வேணா உக்காருங்க. சுவரைப் பாத்துப் போட்டிருக்கற நாற்காலி மட்டும் என்னோடது."